அலுவலகத்தில் ஒரு கணினியிலும் கணக்கு மென்பொருள் திறக்கவில்லை, ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

நகல் எடுக்காமல் செய்யாதீர்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருக்கும் கணக்கெல்லாம் அழிந்துவிடும்.

நீங்கள் கணக்கு எழுதுபவர், தாக்கல் செய்யவேண்டிய நாள் நெருங்கிவிட்டது, சர்வீஸ் ஆள் பக்கத்தில் நின்று அவசரப்படுத்துகிறார் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் நடந்தது.

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் 11 ஆண்டுகளாகக் கணக்கு பார்க்கிறேன். ஐந்து கணினிகள். மென்பொருளின் உரிமமும் கணக்குகளும் சர்வராக வைத்திருக்கும் ஒன்றில் இருக்கின்றன. மற்ற நான்கும் அதைச் சார்ந்தவை. அன்று திங்கட்கிழமை, 20ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தின் தாக்கலுக்குக் கடைசி நாள். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வட்டி தனி. ஐகானைச் சொடுக்கினால் மென்பொருள் ஒரு கணம் தலைகாட்டிவிட்டு மூடிக்கொண்டது. ஐந்திலும் அப்படியே.

"சனிக்கிழமை கடைசியாக எதைம்மா அழுத்தினாய்?" முதலாளி என்னைக் கேட்ட முதல் கேள்வி இது.

சர்வீஸ் தம்பி வந்து வைரஸ் என்றார். ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தார், மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினார். உரிமம் இல்லை என்றே வந்தது. "ஃபார்மட் செய்துவிடலாம் அக்கா, இரண்டு மணி நேர வேலை" என்றார். நகல் எடுக்காமல் தொடவிடமாட்டேன் என்று சர்வர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். முதலாளிக்குக் கடுங்கோபம்.

பென்டிரைவைச் செருகிப் புதிய ஃபோல்டர் ஒன்றை உருவாக்கினேன். அதற்கு நேரே 01-01-2012 என்று தேதி விழுந்தது.

சனிக்கிழமை பராமரிப்புக்காக மின்தடை. யுபிஎஸ் தீர்ந்ததும் யாரோ மெயின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மின்சாரம் இல்லாதபோது கணினியின் கடிகாரத்தை ஓடவைப்பது மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி, சிஆர்2032. எங்களுடையது எப்போதோ செத்துப்போயிருக்கிறது. சர்வருக்கு மின்சாரம் நிற்காமல் வந்துகொண்டிருந்ததால் தெரியவில்லை. உரிமம் வாங்கிய நாளுக்கும் முன்னால் தேதி போய்விட்டால் மென்பொருள் எப்படித் திறக்கும்? வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்தால் விண்டோஸும் பெரும்பாலும் தானாகத் திருத்திக்கொள்வதில்லை.

தேதியைத் திருத்தினேன். ஐந்தும் திறந்தன. மாலைக்குள் தாக்கல் முடிந்தது.

இது பாலபாடம் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுவார்கள். எழுதட்டும். அதையே தொழிலாகச் செய்கிறவர் பார்க்கவில்லையே! எல்லாக் கோளாறுக்கும் பேட்டரிதான் காரணம் என்று நான் சொல்லவும் இல்லை. சர்வரில் திறந்து மற்றவற்றில் திறக்கவில்லை என்றால் சர்வரின் ஃபயர்வால், அதாவது வெளித்தொடர்பை வடிகட்டும் பாதுகாப்பு, தடுக்கிறதா என்று பாருங்கள். புது ரவுட்டர் மாட்டியிருந்தால் மற்ற கணினிகள் சர்வரைத் தேடும் எண்ணான ஐபி முகவரி மாறியிருக்கலாம். ஒரே ஒரு கணினி மட்டும் முரண்டுபிடித்தால் சர்வரைத் தொடவேண்டிய தேவையே இல்லை.

புதுப் பேட்டரி 40 ரூபாய், என் கைக்காசு. வவுச்சர் வைத்தேன், இதற்கெல்லாமா என்று திருப்பிவிட்டார்கள். சர்வீஸ் தம்பிக்கு 800 ரூபாய் கையோடு கிடைத்தது. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, அலைந்ததற்குக் கூலி வேண்டும். ஆனால் எனக்கு முன்பு இங்கே கணக்கு பார்த்த ஐயாவிடம் யாரும் எதை அழுத்தினீர்கள் என்று கேட்டதில்லை. கணினி நின்றாலும் பிரிண்டர் நின்றாலும் பெண் உட்கார்ந்திருந்த நாற்காலியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தேதியைக் கண்டுபிடித்த பிறகும் அந்தக் கேள்வியை முதலாளி திரும்பப் பெறவில்லை.

இப்போதே சர்வரில் தேதியைப் பாருங்கள், வருடத்தையும் சேர்த்து. அது சரியாக இருந்தாலும் கணக்கு ஃபோல்டர் முழுவதும் பென்டிரைவில் ஏறி, அதை வேறொரு கணினியில் திறந்து பார்க்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.