கிளிப்லெஸ் பெடல்: வாங்கும் முன்பும், விழும் முன்பும்

கேள்வி: வார இறுதியில் தாம்பரத்தில் இருந்து கிளம்பி ஈசிஆரில் 40, 60 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். ஹைப்ரிட் சைக்கிள், சாதா பெடல். கூட வருபவர்கள் எல்லோரும் ஷூவின் அடியைப் பூட்டிப் பிடித்துக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடலுக்கு மாறிவிட்டார்கள். "மாறிப் பாருங்கள், வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர் கூடும்" என்கிறார்கள். கடையில் ரோடு ஷூவும் எஸ்பிடி-எஸ்எல் பெடலும் சேர்த்து ஒரு செட்டாகக் காட்டினார்கள். வாங்கலாமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: வேகத்துக்காக என்றால் வேண்டாம் சார். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், சாதாரண ரன்னிங் ஷூவோடு தட்டைப் பெடல், அதே ஷூவோடு பழைய டோ கிளிப் (பாதத்தின் முனையைச் செருகும் கூண்டு), சைக்கிள் ஷூவோடு கிளிப்லெஸ் என்று மூன்று வகையையும் ஒப்பிட்டார்கள். மிதமான உழைப்பில் உடல் செலவழிக்கும் சக்தியில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. "மிதிக்கும்போது மட்டுமா, காலைத் தூக்கும்போதும் பெடலை மேலே இழுக்கலாமே" என்று கடையில் சொல்வார்கள். இழுக்கலாம்தான். ஆனால் சீரான வேகத்தில் போகும்போது வேண்டுமென்றே இழுத்து ஓட்டினால், அதே வேலைக்கு உடலுக்குச் செலவுதான் கூடுகிறது. பந்தயத்தின் கடைசி 200 மீட்டரில் கதை வேறு. ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் போய்வர அது தேவையில்லை.

அப்புறம் ஏன் இவ்வளவு பேர் மாறுகிறார்கள்? கால் நழுவுவதில்லை, அதுதான் பெரிய காரணம். மழையிலும், குழியில் இறங்கி ஏறும்போதும், திடீரென்று வரும் வேகத்தடையிலும் பாதம் பெடலிலேயே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பாதம் அதே இடத்தில் அதே கோணத்தில் நிற்கும். ஷூவின் அடிப்பாகம் விறைப்பாக இருப்பதால் 60, 70 கிலோமீட்டர் தாண்டியும் உள்ளங்கால் நோகாது. இது நிஜமான வசதி. இதற்காக வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

ஆனால் கடைக்காரர் காட்டிய செட் உங்களுக்கு ஏற்றதல்ல. இந்தப் பெடல்களில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஸ்கீ பனிச்சறுக்கில் பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பூட்டுகளைச் செய்துகொண்டிருந்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1984-இல் அதே யோசனையைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார்ட் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் வென்றார். அந்த வழியில் வந்தவைதான் ஷூவின் அடியில் மூன்று திருகு போட்டுப் பெரிய பிளாஸ்டிக் கிளீட்டை, அதாவது பெடலில் பூட்டிக்கொள்ளும் துண்டை, மாட்டும் ரோடு பெடல்கள். எஸ்பிடி-எஸ்எல் இந்த ரகம். 1990-இல் ஷிமானோ கொண்டுவந்த எஸ்பிடி வேறு. மலைப்பாதையில் ஓட்டுபவர் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும் என்று யோசித்துச் செய்தது. இரண்டே திருகு, சின்ன இரும்புக் கிளீட், அதுவும் ஷூவின் ரப்பர் அடிப்பாகத்துக்குள் அமுங்கியிருக்கும்.

ஈசிஆரில் எத்தனை முறை இறங்குவீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். டீக்கடை, இளநீர், பஞ்சர், கூட வந்தவருக்காகக் காத்திருப்பது. மூன்று திருகு கிளீட்டோடு டீக்கடை டைல்ஸ் தரையில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேய்ந்தால் அந்தப் பிளாஸ்டிக்கை மாற்றவும் வேண்டும். இரும்புக் கிளீட் அதைவிடப் பல மடங்கு உழைக்கும். ஆகவே இரண்டு திருகு எஸ்பிடி ஷூ, இரண்டு பக்கமும் மாட்டக்கூடிய பெடல், இது போதும். ஷிமானோவின் எம்520 போன்ற அடிப்படை மாடல் ஜோடி சுமார் 380 கிராம். கிளீட் அந்தப் பெட்டிக்குள்ளேயே வரும், தனியாகக் காசு கேட்டால் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் பூட்டு என்று இஎச்500 மாதிரி பெடல்களும் உண்டு. அதே சைக்கிளில் செருப்போடு காய்கறி வாங்கப் போகிறவருக்கு அது வசதி. எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சிக்னலில் பச்சை விழுந்ததும் குனிந்து எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஷூவை மாலையில், ஓட்டும்போது போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓட்டும்போதும் அப்படித்தான் வீங்கும். நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம். அதற்காக ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் குதிகால் ஆடும். பல நிறுவனங்கள் அதே எண்ணில் 'வைட்' மாடல் தருகின்றன, அதைக் கேளுங்கள். கார்பன் அடிப்பாகத்துக்குப் பணம் கொட்ட வேண்டாம். நைலான் போதும்.

கேள்வி: எனக்கு 46 வயது. கணவரும் மகனும் கிளிப்லெஸ் பெடலோடு ஓட்டுகிறார்கள். எனக்கும் ஆசைதான், ஆனால் மகன் பழகியபோது சிக்னலில் நின்றபடியே சாய்ந்து விழுந்ததைப் பார்த்ததில் இருந்து பயம். விழாமல் பழக வழி இருக்கிறதா? (வாசகி, கோவை)

பதில்: இருக்கிறதம்மா. முதலில் ஏன் விழுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். இந்தப் பூட்டு குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். பதற்றத்தில் யாரும் திருப்புவதில்லை, காலை மேலே இழுப்பார்கள். பூட்டு விடாது. அதற்குள் சைக்கிள் நின்றுவிடும், நின்ற சைக்கிள் சாயும். பெரும்பாலும் அடி முழங்கையிலும் இடுப்பிலும், அதைவிட அதிகமாகச் சுற்றி நிற்பவர்கள் முன்னால் மானத்திலும்! ஆனால் பக்கத்தில் பஸ் நிற்கும் சாலையில் இது சிரிக்கிற விஷயமில்லை. அதனால் பழகுவது முழுக்க மைதானத்தில்தான்.

வாங்கும்போதே பாதி வேலையைச் செய்துவிடலாம். எஸ்பிடி பெடலோடு வழக்கமாக வருவது எஸ்எச்51 என்ற கிளீட். அது பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் விடும். எஸ்எச்56 என்று இன்னொன்று தனியாக விற்கிறார்கள். திருப்பினாலும் விடும், பதறிப்போய் வேகமாக மேலே இழுத்தாலும் விடும். புதிதாகப் பழகுபவருக்கு நான் சொல்வது இதைத்தான். எழுந்து நின்று முழு பலத்தோடு மிதிக்கும்போது எப்போதாவது தானாகக் கழன்றுவிடலாம் என்பது இதன் குறை. உங்களுக்கு இப்போதைக்கு அது கவலையில்லை. எண் கிளீட்டிலேயே பொறித்திருக்கும், பார்த்து வாங்குங்கள்.

அடுத்து ஸ்பிரிங். பெடலில் ஒரு சின்ன திருகு இருக்கும், ஆலன் கீயால் இடஞ்சுழியாகத் திருப்பினால் பிடி தளரும். இரண்டு பக்கமும் மாட்டக்கூடிய பெடல் என்றால் பெடலுக்கு இரண்டு, மொத்தம் நான்கு திருகுகள். நான்கையும் ஒரே அளவுக்குத் தளர்த்த வேண்டும். மூன்றைத் தளர்த்தி ஒன்றை மறந்துவிட்டால் அந்த ஒன்றுதான் அவசரத்தில் உங்கள் காலைப் பிடித்துக்கொள்ளும். திருகு கழன்று வரும் நிலைக்கு முன்பே நிறுத்திவிடுங்கள், ஒரேயடியாகக் கழற்றிவிடக் கூடாது.

பழகும் முறை: வீட்டுச் சுவரையோ தூணையோ ஒரு கையால் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். இடது காலை மட்டும் மாட்டுங்கள், கழற்றுங்கள். கால் நினைக்கும் முன்பே குதி வெளியே போகிற அளவுக்கு இதையே செய்யுங்கள், சலிப்பாகத்தான் இருக்கும். பிறகு வலது கால். அதன் பிறகுதான் புல் தரை உள்ள மைதானம். ஒரு காலை மாட்டிக்கொண்டு, மற்றதைப் பெடல் மேல் சும்மா வைத்து ஒரு சுற்று. பிறகு இரண்டையும் மாட்டி, ஒரு மரத்தைக் குறிவைத்து அங்கே நிற்பதாகப் பயிற்சி. வரிசை முக்கியம். கியரை இளக்குங்கள், காலைக் கழற்றுங்கள், அப்புறம்தான் பிரேக். நிற்கப்போகிறோம் என்ற சந்தேகம் வந்தாலே கழற்றிவிடலாம், மறுபடி மாட்ட எவ்வளவு நேரமாகும்?

எந்தக் காலைக் கழற்றுவது என்று கேட்பீர்கள். நம் ஊரில் இடது. நாம் சாலையின் இடது ஓரத்தில் ஓட்டுகிறோம். சாய்ந்தாலும் மண் பக்கம் சாயலாம், லாரி பக்கம் சாய வேண்டியதில்லை. செயின் வலப்பக்கம் இருப்பதால் கெண்டைக்காலில் கிரீஸ் அப்பிக்கொள்வதும் குறையும். இதில் ஒரு பொறி உண்டு. இடது காலைக் கழற்றிவிட்டு ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினால் எடை வலப்பக்கம் போய்விடும், வலது கால் மாட்டியபடி இருக்கும். நிற்கும்போது ஹேண்டில் நேராக இருக்கட்டும், இடுப்பைக் கொஞ்சம் இடப்பக்கம் சாயுங்கள். விழத்தான் போகிறோம் என்று தெரிந்தால் கையை ஊன்ற நீட்டாதீர்கள். மணிக்கட்டும் காறை எலும்பும் உடைவது அப்படித்தான். ஹேண்டிலைப் பிடித்தபடியே சாய்வது மேல்.

முதல் சில வாரம் மருதமலை ஏற்றம் வேண்டாம். ஏற்றத்தில் வேகம் குறைவு, மூச்சு வாங்கி மிதிப்பது நின்ற அடுத்த நொடி சைக்கிளும் நிற்கும், கழற்ற நேரமே இருக்காது. நாய் துரத்தும் தெருக்களிலும் தொடக்கத்தில் வேண்டாம். எலும்பு அடர்த்தி குறைவு என்று மருத்துவர் சொல்லியிருந்தால், இந்த ஆசையைத் தள்ளிவைத்து, சின்னச் சின்ன ஊசிகள் பதித்த அகலமான தட்டைப் பெடலும் விறைப்பான ஷூவும் வாங்கிக்கொள்ளுங்கள். கால் நழுவாது, எதையும் கழற்றவும் வேண்டாம். மகன் கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: ரோடு பெடலுக்கு மாறியதில் இருந்து முழங்கால் வெளிப்பக்கம் வலிக்கிறது. கடையில் சிவப்புக் கிளீட்தான் நல்லது, புரொபஷனல் என்று போட்டுக்கொடுத்தார்கள். (வாசகர், திருச்சி)

பதில்: எந்த நிறுவனத்தின் சிவப்பு என்பதுதான் கேள்வி. ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல்லில் சிவப்பு என்றால் பாதம் அசையவே அசையாது, 0 டிகிரி. நீலம் 2, மஞ்சள் 6 டிகிரி அசைவு தரும். லுக் நிறுவனத்தின் கியோ பெடலில் தலைகீழ். கறுப்பு 0, சாம்பல் 4.5, சிவப்பு 9 டிகிரி. திருகு ஓட்டைகள் ஒன்றுதான் என்றாலும் ஒன்றின் கிளீட் மற்றதன் பெடலில் சேராது. உங்களுடையது ஷிமானோ சிவப்பு என்றால் மஞ்சளுக்கு மாறுங்கள். மேசை மேல் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பாதம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ கிளீட்டும் அப்படியே இருக்க வேண்டும். மாற்றும் முன் பழைய இடத்தை மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும். சீட் உயரத்தையும் பாருங்கள், பெடலும் ஷூவும் மாறினால் அதுவும் மாறும். இதற்கும் அடங்காவிட்டால் பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள், கிளீட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கேள்வி: இணையத்தில் 'எஸ்பிடி பெடலுக்குப் பொருந்தும்' என்று போட்டிருந்த ஷூ வாங்கினேன். வந்த ஷூவில் மூன்று ஓட்டை மட்டும்தான். விற்றவர் "சைஸ் சரியாகத்தானே இருக்கிறது, திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார். (வாசகர், மதுரை)

பதில்: முதல் வேலையாக அந்த விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கே அந்த வரியை மாற்றிவிடலாம். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் மதுரையிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ஷூவை மட்டும் வெளியே போட்டு நடந்துவிடாதீர்கள்.

ஒருவேளை விளம்பரத்தில் 'எஸ்பிடி-எஸ்எல்' என்று இருந்து நீங்கள் கடைசி இரண்டெழுத்தைக் கவனிக்காமல் வாங்கியிருந்தால், சட்டம் துணைக்கு வராது. அந்தத் தளத்தின் ரிட்டர்ன் கொள்கைதான் கதி.

கேள்வி: தெருமுனைக் கடையில் புதுப் பெடல் மாட்டக் கொடுத்தேன். இடது பக்கம் ஏறவில்லை என்று பெரிய ஸ்பேனர் போட்டு முறுக்கினார். இப்போது பெடல் ஆடுகிறது. (வாசகர், புதுச்சேரி)

பதில்: இடது பெடலின் மரை எதிர்ப்பக்கமாக ஓடும், இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் இறுகும். அவர் வலப்பக்கம் மாதிரியே முறுக்கியிருக்கிறார், பெடலைத் தாங்கும் கையான அலுமினிய கிராங்கின் மரை பிய்ந்திருக்கும். அதோடு ஓட்ட வேண்டாம், நடுவழியில் பெடல் கழன்று விழும். நல்ல வொர்க்ஷாப்பில் உள்ளே புது மரை பதிக்க முடியுமா என்று கேளுங்கள், இல்லையென்றால் அந்தக் கிராங்க் கையை மாற்ற வேண்டும். செலவை அந்தக் கடைக்காரரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, இதுவும் சேவைக் குறைபாடுதான். பில் தரவில்லை என்றால் யுபிஐயில் பணம் அனுப்பிய பதிவை எடுத்து வையுங்கள். அடுத்த முறை மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். கிளீட் திருகுகளுக்கும் சேர்த்துத்தான். புதுச்சேரி உப்புக் காற்றில் அவை துருப்பிடித்து இறுகிவிட்டால், பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.