மரபணு நீக்கிய எலிகளோடு ஆராய்ச்சி: பென்னாகரத்து அம்மாவின் கேள்விக்குப் பதில்

பென்னாகரத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ, பயோ-மேத்ஸ் குரூப். நீட் வேண்டாம், ஜீனை நீக்கிய எலிகளை வைத்து நோய்களை ஆராயப் போகிறேன் என்கிறாளாம். இது சோறு போடுமா, பாப்பாவுக்கு இது ஒத்துவருமா என்பது அவர் கவலை.

ஒரு ஜீன் என்ன வேலை செய்கிறது என்று அறிய, அதை நீக்கிவிட்டு எது கெடுகிறது என்று பார்ப்பார்கள். ஆனால் பல ஜீன்களை உடல் முழுக்க நீக்கினால் குட்டி பிறக்கவே பிறக்காது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ-1 அப்படித்தான். அது அறவே இல்லாத எலி கருவிலேயே இறந்துவிடும். அதனால் ஓர் உறுப்பில் மட்டும் நீக்குகிறார்கள். ஜீனின் முக்கியப் பகுதிக்கு இரு புறமும் லாக்ஸ்-பி என்ற 34 எழுத்து டிஎன்ஏ துண்டை ஒரே திசையில் வைத்த எலி ஒன்று. லாக்ஸ்-பியில் டிஎன்ஏவை வெட்டும் க்ரீ என்ற நொதி கல்லீரலில் மட்டும் உருவாகும் எலி இன்னொன்று. இவற்றை இணைத்து வரும் வாரிசுகளில், க்ரீ இருக்கும் செல்லில் மட்டும் நடுப்பகுதி வெட்டுப்பட்டுப் போகும். மற்ற உறுப்புகளில் ஜீன் அப்படியே இருக்கும்.

கேட்க அழகாக இருக்கிறது. அன்றாட வேலை என்னவோ கணக்கும் காத்திருப்பும்தான். எலியின் கர்ப்பகாலம் சுமார் 20 நாள், தாயிடமிருந்து பிரிப்பது 21-ஆம் நாள், இணை சேர்க்கும் வயது 6 முதல் 8 வாரம். முதல் தலைமுறைக் குட்டிக்கு ஜீனின் ஒரு பிரதியில் மட்டுமே லாக்ஸ்-பி இருக்கும். அதை மறுபடி லாக்ஸ்-பி எலியோடு இணைக்க வேண்டும். இரு பிரதியிலும் லாக்ஸ்-பியும் கூடவே க்ரீயும் உள்ள, நமக்குத் தேவையான எலி இரண்டாம் தலைமுறையில்தான் கிடைக்கும். அது வளர்ந்து சோதனைக்குத் தயாராக, முதல் ஜோடியைக் கூண்டில் விட்டதிலிருந்து ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அதிலும் 4 குட்டிக்கு 1 தான் சரியான வகை. 8 எலி வேண்டுமென்றால் 32 குட்டி, அதாவது ஐந்து ஈற்று. ஆணும் பெண்ணும் தனித்தனியே 8 என்றால் இரட்டிப்பு. க்ரீ ஜீனும் லாக்ஸ்-பி வைத்த ஜீனும் ஒரே குரோமோசோமில் அருகருகே அமைந்துவிட்டால் இந்த 4-க்கு 1 கணக்கே பொய்த்துப்போகும். ஏன் என்று பாப்பாவிடம் கேளுங்கள். பிணைப்பும் குறுக்கேற்றமும் பிளஸ் டூ பாடத்திலேயே இருக்கின்றன. பேப்பரும் பேனாவும் எடுத்துக் கட்டம் போட்டுப் பார்க்க உட்கார்ந்தால் அது நல்ல அறிகுறி.

எந்தக் குட்டி எந்த வகை என்று காதிலிருந்து 2 மில்லிமீட்டர் துண்டு எடுத்து, பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல நகலாக்கும் முறை) செய்து, துண்டுகளை நீளப்படி பிரிக்கும் 2 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். லாக்ஸ்-பி சேர்ந்த துண்டு சற்று நீளம், அதனால் மெதுவாக நகர்ந்து மேலே நிற்கும். மேலே ஒரு கோடு மட்டும் இருந்தால் இரு பிரதியிலும் லாக்ஸ்-பி. கீழே மட்டும் இருந்தால் சாதாரண எலி. இரண்டும் இருந்தால் கலப்பு. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையில் காது வெட்டும் கருவியைத் துடைக்காமல் விட்டால் இல்லாத கோடு தெரியும். தப்பான எலி சோதனைக்குள் போய்விடும்.

இதைவிடப் பெரிய தவறு ஒப்பீட்டு எலியில் நடக்கிறது. மூளைக்குப் பயன்படுத்தும் நெஸ்டின்-க்ரீ எலிகள் எந்த ஜீனையும் நீக்காமலேயே எடை குறைவாக இருக்கும். க்ரீ மட்டும் உள்ள உடன்பிறப்பை ஒப்பிடாதவர், "இந்த ஜீன் போனதால் வளர்ச்சி குன்றியது" என்று எழுதிவிடுவார். சில எலிகளில் க்ரீ விந்து அல்லது முட்டைச் செல்லிலேயே கசிந்து, குட்டியின் உடல் முழுக்க ஜீன் போய்விடும். கல்லீரலில் மட்டும் நீங்க வேண்டிய ஜீன் காதிலும் நீங்கியிருக்கிறதா என்று பார்க்காவிட்டால் இரண்டு வருட உழைப்பு வீண். பொறுமையும் நோட்டுப் புத்தக ஒழுங்கும்தான் இந்தத் துறையில் மூலதனம் என்று சொல்வது இதனால்தான்.

இனி வழி. வெறும் மூன்று வருட பி.எஸ்ஸி பயோடெக்கை நம்பி இதில் இறங்க வேண்டாம். முதல் முயற்சி ஐஐஎஸ்இஆர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வாக இருக்கட்டும். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15 கேள்வி, தவறுக்கு 1 மதிப்பெண் குறையும். ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ் படிப்பு. கிடைக்காவிட்டால் அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் உயிரியல் பட்டம் படித்து, எம்.எஸ்ஸி சேர்க்கைக்கான காட்-பி அல்லது ஜாம் என்ற தேசிய நுழைவுத் தேர்வை எழுதலாம். அப்புறம் சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (பி.எச்டி செய்ய ஆராய்ச்சி உதவித்தொகை) பெற்றால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. இந்தப் பணம் சில மாதம் தாமதமாக வருவதுண்டு, கையிருப்பு வேண்டும். பி.எச்டி முடிக்கும்போது வயது 28, 29 ஆகிவிடும். கல்யாணப் பேச்சு உட்பட இதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

விலங்கோடு வேலை பிடிக்கும், ஆராய்ச்சி அவ்வளவாக வேண்டாம் என்றால் கால்நடை மருத்துவம் நல்ல வழி. ஐந்தரை வருடப் படிப்பு. தமிழ்நாட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடும் உண்டு. ஆய்வகங்களின் விலங்குக் கூடங்களுக்குக் கால்நடை மருத்துவர் தேவைப்படுகிறார்.

முடிவெடுக்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். எலியின் சிறுநீரிலுள்ள புரதம் பலருக்கு ஒவ்வாமை தரும். பாப்பாவுக்கு வீசிங் இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. இன்னொன்று, சோதனை முடிவில் எலியைக் கொல்ல வேண்டியிருக்கும். நெறிமுறைக் குழு அனுமதித்த எண்ணிக்கையில், வலி குறைந்த முறையில் என்றாலும், பெரும்பாலும் அதைச் செய்வது மாணவர் கைதான். அவளால் முடியுமா என்று நேராகவே கேளுங்கள்.

பெங்களூரு ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) ஆண்டுக்கு ஒருமுறை பொதுமக்களுக்குத் திறந்த நாள் நடத்துகிறது. தருமபுரியிலிருந்து காலை பஸ் ஏறினால் இரவுக்குள் திரும்பிவிடலாம். அங்கே பி.எச்டி மாணவர்களிடம் போய், முதல் சரியான எலி கிடைக்க எத்தனை மாதம் ஆனது, எது சொதப்பியது என்று பாப்பாவையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள்.