டான்ஸ் பாரில் கை வைத்தால் யார் பொறுப்பு?

கேள்வி: நவி மும்பையில் ஒரு டான்ஸ் பாரில் 2 வருடமாக ஆடுகிறேன். கூட்டம் ஏறினால் மேஜைகளை மேடையோடு ஒட்டிப் போடுகிறார்கள். நோட்டை வீசுகிறார்கள், கையைப் பிடித்து இழுக்கிறார்கள். மேனேஜரோ, "நீ ஸ்டாஃபே இல்லை. போலீசுக்குப் போனால் முதலில் மாட்டுவது நீதான்" என்கிறார். டிப்ஸில் பாதியும் அவருக்குத்தான். என்ன செய்யலாம்?

பதில்: மேனேஜர் சொன்ன இரண்டுமே தவறு. ஆடுவது குற்றமல்ல. மகாராஷ்டிரம் 2005-ல் கொண்டுவந்த தடையை பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2013-ல் உச்ச நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதி செய்தது. இப்போது இருப்பது டான்ஸ் பார்களுக்கு நிபந்தனை விதிக்கும் 2016-ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டம். அதன் பல நிபந்தனைகளை உச்ச நீதிமன்றத்தின் 2019 ஜனவரி 17 தீர்ப்பு நீக்கிவிட்டாலும் உங்களுக்கு வேண்டியவை நிற்கின்றன. நோட்டு வீசக் கூடாது, ஆடும் பெண்ணைத் தொடக் கூடாது, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும், ஊதியம் வங்கிக் கணக்கில் விழ வேண்டும். டிப்ஸை பில்லில்தான் சேர்க்க வேண்டும் என்ற விதி போய்விட்டது, கையில் வாங்கலாம். பாதி அவருக்கு என்று எந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்.

மேஜை விஷயம் சின்னதல்ல. 2016 மார்ச்சில் உரிம நிபந்தனைகளைத் திருத்தியபோது உச்ச நீதிமன்றம் ஏற்றது, மேடையோரம் 3 அடி உயரத் தடுப்பும், அங்கிருந்து இருக்கை வரை 5 அடி இடைவெளியும். கை எட்டாத தூரம் அது. அதை அழிப்பது வாடிக்கையாளர் அல்ல, நிர்வாகம். முதல் கை நீளும்போது பவுன்சர் பேசாமல் நின்றால், அடுத்த மேஜைக்கும் துணிச்சல் வந்துவிடும்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-ல் ஒப்பந்தக்காரர், தினக்கூலி எல்லோரும் 'ஊழியர்'தான். நியமனக் கடிதம் இல்லையென்பது தடையாகாது. வெளியாட்களிடமிருந்து காப்பதும் முதலாளியின் கடமை (பிரிவு 19). வெயிட்டர், சமையல்காரர், பவுன்சர் எல்லோரையும் சேர்த்து 10 பேர் இருந்தால் பாரிலேயே உள்புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லையென்றால், இதே சட்டப்படி மாவட்டத்தில் அமைக்கப்படும் உள்ளூர்க் குழுவிடம் போங்கள். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள், 6 பிரதிகள், சாட்சிகளின் பெயர் முகவரியோடு.

தேதி தெளிவாக இல்லாவிட்டால் இத்தகைய புகார் பலவீனமாகிவிடும். "அடிக்கடி தொடுவார்கள்" என்றால் நிற்காது. வீட்டுக்குப் போனதும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: தேதி, மணி, மேஜை எண், எந்தக் கையைப் பிடித்தார், பக்கத்தில் யார் நின்றார்கள், மேனேஜர் என்ன சொன்னார். அவருடைய வாட்ஸ்அப் செய்திகளையும் பணப் பரிமாற்றங்களையும் அழிக்காதீர்கள். இங்கே வேலை செய்கிறீர்கள் என்பதற்கு அவைதான் அத்தாட்சி.

கையைப் பிடித்து இழுத்தவர்மேல் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) பிரிவு 74-ன்கீழ் போலீசிலும் புகார் தரலாம். 1 முதல் 5 ஆண்டு சிறை. எந்தக் காவல் நிலையத்திலும் பதியலாம். மறுத்தால் போலீஸ் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வக்கீலுக்குக் காசில்லையா? பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், சட்ட உதவி இலவசம்; தொலைபேசி எண் 15100.

புகார் போனதும் பணம் கொடுத்துச் சமாதானம் பேச வருவார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 10-ன்படி பணத்தை வைத்துச் சமரசம் செய்ய முடியாது. வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.