ஸ்டீராய்டு மாத்திரையை அம்மா திடீர்னு நிறுத்திட்டாங்க, பரவாயில்லையா?

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 58 வயசு, மூட்டுல முடக்குவாதம். 8 மாசமா பிரெட்னிசோலோன் 10 மில்லிகிராம் தினமும் சாப்பிட்டாங்க. பக்கத்து வீட்டுல "அது ஸ்டீராய்டு, கிட்னி போயிடும்"னு சொல்லவும் நாலு நாளா நிறுத்திட்டாங்க. இப்ப ஒரே வாந்தி, எழுந்தா தலை சுத்துது. வேற மாத்திரை சொல்லுங்க.

பதில்: தம்பி, வேற மாத்திரை அப்புறம் பாக்கலாம், முதல்ல அம்மாவை இப்பவே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. மாத்திரை அட்டையை கையோட கொண்டு போய் "8 மாசம் ஸ்டீராய்டு சாப்பிட்டாங்க, நாலு நாளா நிறுத்திட்டாங்க"ன்னு உள்ள நுழைஞ்சதும் சொல்லுங்க, சொல்லலைன்னா சாதாரண வாந்தின்னு நினைச்சு ஊசி போட்டு அனுப்பிட வாய்ப்பு இருக்கு. பிரஷர், சுகர், ரத்தத்துல சோடியம்ங்கற உப்பு எல்லாம் பாத்துட்டு ஹைட்ரோகார்ட்டிசோன்ங்கற ஸ்டீராய்டு ஊசியும் சலைனும் ஏத்த வேண்டி வரலாம்.

ஸ்டீராய்டுங்கறது நம்ம உடம்பே தினமும் செய்யற சரக்குதான். கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கற அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால்னு ஒண்ணை சுரக்குது, பிரஷர் இறங்காம பாத்துக்கறது, வீக்கத்தை அடக்கறது எல்லாம் அதோட வேலை. மாசக்கணக்கா அதே வேலையை மாத்திரை செஞ்சா சுரப்பி தூங்கிடும், சுருங்கியும் போயிடும், அது முழிக்க வாரக்கணக்கு, சிலருக்கு மாசக்கணக்கு ஆகும். அதுக்குள்ள மாத்திரையையும் நிறுத்தினா உடம்புக்கு எங்க இருந்தும் கிடைக்காது, உங்கம்மாவுக்கு நடந்திருக்கறது அதுவா இருக்கும்னுதான் எனக்கு பயமா இருக்கு. மூணு நாலு வாரத்துக்கு மேல சாப்பிட்ட யாரும் இதை சட்டுனு விடக்கூடாது.

1948ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல பிலிப் ஹென்ச்ங்கற டாக்டர், முடக்குவாதத்துல நடக்க முடியாம இருந்த ஒரு பொண்ணுக்கு கார்ட்டிசோன்ங்கற ஸ்டீராய்டு ஊசி போட, சில நாள்லயே அந்த பொண்ணு எழுந்து நடந்துச்சு. 1950ல அதுக்கு நோபல் பரிசே கிடைச்சுது. பக்கவிளைவும் சீக்கிரமே தெரிஞ்சு போச்சு: எலும்பு தேயும், சுகர் ஏறும், கண்புரை வரும், கிருமி சுலபமா தொத்தும். அதனால உங்க வீட்டு பயம் முழுசா தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா கிட்னி விஷயம் தப்பு, சில கிட்னி நோய்க்கே நாங்க ஸ்டீராய்டுதான் குடுக்கறோம். கிட்னியை நிஜமா கெடுக்கறது கடையில கேட்டு வாங்கி தினமும் போடற வலி மாத்திரை, இப்ப மூட்டு வலிக்கு அதை வாங்கி குடுத்துடாதீங்க. பேர் ஒட்டாத மூட்டுவலி பொடியும் வேண்டாம், அதுல ஸ்டீராய்டு கலந்து விக்கறது உண்டு.

அம்மா தேறினதும் மூட்டுவாத டாக்டரை பாருங்க. முடக்குவாதத்தை அடக்கற மெத்தோட்ரெக்சேட் மாதிரி மருந்து முழுசா வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும், அது பிடிச்சதும் ஸ்டீராய்டை கொஞ்சம் கொஞ்சமா அவங்களே குறைப்பாங்க. கால்சியம், வைட்டமின் டி வேணுமான்னும் கேளுங்க. போயிட்டு வந்து என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க தம்பி.