கமக்காரரிடமே நேரே வாங்கலாமா?

கேள்வி: எங்கள் தொடர்மாடியில் முப்பது குடும்பங்கள் இருக்கிறோம். கடையில் வாங்கும் கீரை மறுநாளே மஞ்சளாகிவிடுகிறது, விலையும் கூட. தோட்டக்காரரிடமே நேரே வாங்க வழி உண்டா? இதற்கென்று ஒரு ஆப் செய்து தருகிறேன் என்கிறான் மகன்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஆப்பை மகன் ஆறுதலாகச் செய்யட்டும் அம்மா, இப்போதைக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் சொன்ன சொல் மாறாத பத்து வீடுகளும் போதும். தோட்டம் செய்கிறவருக்கு இரண்டு ரூபா கூடக் கிடைப்பதை விட, இந்தக் கிழமை இவ்வளவு போகும் என்று முன்கூட்டியே தெரிவதுதான் பெரிய ஆறுதல். சந்தைக்குப் போகிறவர் என்ன விலை கிடைக்கும் என்று தெரியாமலேதான் ஏற்றுகிறார், அங்கே தரகு, கூலி எல்லாம் போகும், யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ 'கழிவு' என்று வெட்டுவதை எதிர்த்துக் கமக்காரர்கள் எவ்வளவு காலமாகக் கத்துகிறார்கள்! விலை சரியில்லை என்று கீரையைத் திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது, பின்னேரத்துக்குள் வாடிவிடும்.

அதனால் கீரையிலேயே தொடங்குங்கள். வெங்காயம், உருளைக்கிழங்கு இப்போதைக்குக் கடையிலேயே இருக்கட்டும். கெஸ்பேவ, பண்டாரகமப் பக்கம் பொன்னாங்காணி, வல்லாரை, கங்குங் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தூரமும் இல்லை. சிங்களம் நன்றாகப் பேசக்கூடிய ஒருவரை முன்னுக்கு விடுங்கள். முதல் நாள் மாலையே எத்தனை கட்டு என்று சொல்லிவிட்டால் அவர் விடியற்காலையில் அவ்வளவை மட்டும் வெட்டுவார். தனி வாகனம் பிடித்தால் கட்டுப்படியாகாது, எப்படியும் பேலியகொடைச் சந்தைக்கு வருகிற லொறியில் உங்கள் கீரையும் வரமுடியுமா என்று கேளுங்கள். சாக்கில் அமுக்கி வேண்டாம், பிளாஸ்டிக் பெட்டியில் வரட்டும்.

இப்படியான ஏற்பாடு குழம்புவது பெரும்பாலும் வாங்குகிறவர்களால்தான். மழை பெய்த கிழமை கட்டில் சேறு இருக்கும், ஒருவர் எனக்கு வேண்டாம் என்பார், இன்னொருவர் சொல்லாமல் ஊருக்குப் போய்விடுவார், மிஞ்சுகிற கட்டுகள் தோட்டக்காரர் தலையில்தான் விழும். ஓடர் கொடுத்தால் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு கட்டவேண்டும் என்று குழுவில் முதல் நாளே போட்டுவிடுங்கள். விலையை மாதத்துக்கு ஒரு தடவை பேசுங்கள், நடுவில் சந்தையில் விழுந்தாலும் ஏறினாலும் இரண்டு பக்கமும் அதையே பிடிக்கவேண்டும். காசை அன்றைக்கே கொடுங்கள், அவருக்கும் உரக்கடையில் கடன் இருக்கும்.

தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேராகத் தோட்டத்துக்கே போய்ப் பாருங்கள். மருந்து அடித்து எத்தனை நாள் கழித்து வெட்டுகிறார், எந்தத் தண்ணீர் பாய்ச்சுகிறார் என்பதையெல்லாம் வரம்பில் நின்றே கேட்டுவிடலாம்.