வாடகை வீடு வாங்கலாமா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஓய்வுக்காலப் பணம் 31 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. ஓசூரில் கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன் உள்ள வீடு ஒன்று 45 லட்சத்துக்கு வருகிறது. மாதம் 15,000 ரூபாய் வாடகையும் பத்து மாத அட்வான்ஸும் கிடைக்கும் என்கிறார் தரகர். மீதிக்கு 20 லட்சம் வங்கிக் கடன் வாங்கலாமா? கிருஷ்ணகிரியில் நாங்கள் குடியிருக்கும் சொந்த வீட்டின் மேல்தளம் மொட்டை மாடியாகத்தான் இருக்கிறது.
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கிருஷ்ணகிரி

பதில்: 45 லட்சத்துக்கு ஆண்டு வாடகை 1,80,000 ரூபாய், அதாவது 4 விழுக்காடு என்பது தரகரின் கணக்கு. உங்கள் கணக்கு அங்கே முடியக்கூடாது.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு; முழு விலைக்கும் பத்திரம் பதிந்தால் இதுவே 4,05,000 ரூபாய். தரகு, பத்திர எழுத்துக் கூலி, வழக்கறிஞர் கருத்துரை, வெள்ளையடிப்பு ஆகியவற்றுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் சேர்த்தால், நீங்கள் போடும் முதலீடு 50 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது.

வரவிலும் கழிவு உண்டு. தொழிற்சாலை வேலையை நம்பிக் குடிவருபவர்கள் வேலை மாறினால் வீட்டையும் மாற்றிவிடுவார்கள். ஆகவே ஆண்டுக்கு ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வரிக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் 7,000, பராமரிப்புக்கு 18,000 ஒதுக்குங்கள். பராமரிப்புத் தொகை அதிகமாகத் தோன்றலாம். ஆனால் போர் தண்ணீரின் உப்புப் படிந்து குழாய்கள் அடைபடுவதும், மோட்டார் காயில் எரிவதும், கோடையில் லாரித் தண்ணீர் வாங்க நேர்வதும் நம் மாவட்டத்தில் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் நன்கு அறிந்தவை. எல்லாம் போக நிற்பது 1,40,000 ரூபாய்; 50 லட்சத்துக்கு மேல் போட்ட முதலீட்டுக்கு இது 2.8 விழுக்காடுகூட இல்லை.

இனி கடன். ஓய்வுபெற்றவர்களுக்கு வங்கிகள் நீண்ட தவணை தரத் தயங்கும் என்பதால், 10 ஆண்டு, 8.5 விழுக்காடு வட்டி என்று கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 24,800 ரூபாய். வாடகையில் மிஞ்சுவதைக் கட்டியபிறகும் மாதம் 13,000 ரூபாய்க்கு மேல் உங்கள் ஓய்வூதியத்திலிருந்து போகும். முதல் ஆண்டு வட்டி மட்டுமே 1,65,000 ரூபாயை நெருங்கும். வரவைவிட அது 25,000 அதிகம். புதிய வருமான வரி முறையில் இருப்பவர், இப்படி வீட்டால் வரும் நட்டத்தை ஓய்வூதிய வருமானத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

உங்கள் 31 லட்சத்தில் வீட்டுக்குப் போகும் 30 லட்சத்தை 7 விழுக்காடு வட்டிக்கு டெபாசிட்டில் போட்டால் ஆண்டுக்கு 2,10,000 ரூபாய் வரும். அந்த இழப்பையும் மேற்சொன்ன 25,000 ரூபாயையும் ஈடுகட்ட, வீட்டின் விலை ஆண்டுக்கு ஏறக்குறைய 5.2 விழுக்காடு ஏற வேண்டும். பத்திரச் செலவை மீட்பது அதற்கு மேல். ஓசூரில் விலை ஏறலாம். ஆனால் மாதச் செலவுக்கு வருமானம் தேடும் ஒருவர் அதை நம்பிக் கடன் வாங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

அட்வான்ஸை வருமானத்தில் சேர்க்காதீர்கள். பத்து மாதம் என்பது பெங்களூருப் பழக்கம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக உடன்பட்டாலொழிய, 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு மூன்று மாத வாடகைதான். எத்தனை மாதம் வாங்கினாலும் குடியிருப்பவர் காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டிய பணம் அது.

உங்கள் மொட்டை மாடியைப் பாருங்கள். 600 சதுர அடிக்குச் சதுர அடி 2,000 ரூபாய் என்றால் 12 லட்சத்தில் ஒரு போர்ஷன் எழும்பும். மனை விலையும் இல்லை, கிரயப் பத்திரச் செலவும் இல்லை, கடனும் வேண்டாம். மாதம் 6,000 ரூபாய் வாடகை வந்து, ஒரு மாதக் காலியும் 12,000 ரூபாய்ச் செலவும் போனால் 54,000 ரூபாய் நிற்கும், அது 4.5 விழுக்காடு. மீதி 19 லட்சம் டெபாசிட்டில் இருக்கும். அஸ்திவாரமும் தூண்களும் இன்னொரு தளத்தைத் தாங்குமா என்று முதலில் ஒரு கட்டடப் பொறியாளரை வரவழைத்துப் பாருங்கள். அவர் சரியென்றால் நகராட்சியில் வரைபட அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். மின் இணைப்பை மட்டும் தனி மீட்டராக வாங்கிவிடுங்கள்.