வரன் வேண்டாம், நட்பு வேண்டும்: அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: எனக்கு 29 வயது. மேட்ரிமோனி மூலம் வந்த ஒரு வரனை அண்ணா நகரில் ஒரு காபிக் கடையில் சந்தித்தேன். ஒரே சொதப்பல். சமையல் தெரியுமா, சம்பளம் எவ்வளவு என்று ஒப்பித்தார். நடுவில் கை பட்டு டபரா காபி முழுக்க என் துப்பட்டாவில். இருவருமே வீட்டில் ‘வேண்டாம்’ என்றுவிட்டோம். ‘கறை போச்சா?’ என்று அன்றிரவு வந்த மெசேஜில் தொடங்கி, ஆறு மாதமாக நண்பர்கள். ஞாயிறுதோறும் சில நண்பர்களோடு 2 மணி நேரம் பாட்மிண்டன். போனில் அவர் இன்னும் ‘அண்ணா நகர் வரன்’தான். “வேண்டாம்னுட்டு அப்புறம் என்னடி பேச்சு?” என்கிறார் அம்மா. தொடரலாமா?

பதில்: தாராளமாக.

முதலில் அந்தக் காபி. 1966-இல் எலியட் அரான்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். வினாடி வினாவில் வெளுத்துக்கட்டும் ஒருவர் கடைசியில் காபியைக் கொட்டிக்கொள்வதுபோல ஓர் ஒலிப்பதிவு. கேட்ட மாணவர்களுக்கு, கொட்டாத கெட்டிக்காரரைவிடக் கொட்டிய கெட்டிக்காரரைத்தான் அதிகம் பிடித்தது. (சுமாராகப் பதில் சொன்னவர் கொட்டியபோது மதிப்பு இறங்கியது. அதனால் யாரும் கொட்டுவதற்கென்றே கிளம்ப வேண்டாம்.) அன்று ஒருவருக்கொருவர் மார்க் போட உட்கார்ந்திருந்தீர்கள். ‘வேண்டாம்’ என்றதும் பரீட்சை முடிந்தது, பேச்சு வந்தது.

ஆனால் அவருடைய ‘வேண்டாம்’ எப்படி வந்தது? உங்கள் பதில் தெரிந்தபின் மானத்தைக் காப்பாற்றச் சொன்னதாகவும் இருக்கலாம். ஒருமுறை நேரில் கேட்டுவிடுங்கள்: “எனக்கு இது நட்புதான், உங்களுக்கு?” மெசேஜில் வேண்டாம், அங்கே ஒரு ஸ்மைலி போட்டுத் தப்பித்துவிடலாம். உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் பெண் பார்க்கப் போவதாக அவர் சொன்னால், ‘எந்த ஊர்ப் பொண்ணு?’ என்று கேட்கத் தோன்றுகிறதா, மனசு சுருக்கென்கிறதா? சுருக்கென்றால் அம்மாவிடம் பேச வேண்டிய விஷயமே வேறு.

நட்புதான் என்றால், அம்மாவிடம் “அண்ணன் மாதிரி” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஜாதகம் பார்த்து வந்தவரை அண்ணன் என்றால் எந்த அம்மாவும் நம்ப மாட்டார். அம்மாவுக்கு இருப்பது இரண்டு பயம்: அந்த வீட்டார் என்ன நினைப்பார்கள், அடுத்து வரும் வரனுக்கு என்ன சொல்வது. முதலாவதற்கு, நண்பர் தன் வீட்டிலும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவதற்கு, பேச்சு கொஞ்சம் நகர்ந்ததுமே அடுத்த வரனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு மூன்றாம் மனிதர் வழியாகத் தெரிந்தால்தான் சிக்கல். ஒரு ஞாயிறு விளையாட்டு முடிந்ததும் மொத்தக் கூட்டத்தையும் வீட்டுக்கு டிபனுக்கு அழையுங்கள். கூட்டத்தோடு பார்த்தால் அம்மாவுக்குப் பாதிக் கேள்வி குறையும்.

அவசரம் வேண்டாம். அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்கே, சேர்ந்து கழித்த நேரம் சுமார் 50 மணி வேண்டும், நெருங்கிய நண்பராக 200-க்கு மேல் என்கிறது கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு. உங்கள் பாட்மிண்டன் கணக்கு இப்போதுதான் 52.

அப்புறம், அந்த ‘அண்ணா நகர் வரன்’. போன் அடிக்கும்போதெல்லாம் அம்மா படிப்பது அதைத்தான். இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.